ஃப்ரீசரா, கீழ்த் தட்டா?

1

அண்ணனுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அப்படி வைத்திருக்க மாட்டான். ஐஸுக்குள் வைத்தால் பத்திரம் என்று நினைத்திருப்பான். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் நான் சொன்னதில்லையே. அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னேனா? சொன்னபோது அவன் பக்கத்தில் இருந்தானா?

ஒருத்தி இப்படி யோசித்துக்கொண்டு நிற்கிறாள். இந்த நாலைந்து வரியைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாமல் நான் வெகுநாள் திரிந்தேன். அவள் யார், அண்ணன் யார், எதை எங்கே வைத்தான் என்பதெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை. அந்த வரிகளுக்கும் முன்னால் வந்தது ஒரு கேள்வி. அதைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துப் பின்னால் எடுத்து நீட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

என் பூனைக்கு வயிறு சரியில்லை. கால்நடை மருத்துவர் சாம்பிள் கேட்டார். சின்ன டப்பாவைக் காகிதத்தில் சுற்றி, நகையை எடுத்துப்போவதுபோல் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். லேப் ஜன்னலுக்கு உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் இருந்தாள். டப்பாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"ஃப்ரீசர்ல வெச்சீங்களா, கீழ்த் தட்டுல வெச்சீங்களா?"

"கீழதான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"நீங்களே வெச்சீங்களா, வீட்ல வேற யாராவது வெச்சாங்களா?"

முதல் கேள்வி வேலை. இரண்டாவது கவனம். மூன்றாவதில் யாரோ ஒருவர் இருந்தார். ஒரு பூனையின் வயிற்றுக் கழிவைப் பற்றிக் கேட்கும்போது ஒரு பெண்ணின் குரல் ஏன் அப்படி இறுக வேண்டும்? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பாட்டுக்கு ஒரு பதிலைச் சொல்லியிருப்பாள், நானும் வீட்டுக்கு வந்து சமையலைப் பார்த்திருப்பேன்.

2

அவளுக்கு ஓர் அண்ணனைக் கொடுத்தேன். அண்ணனுக்கு ஒரு மனைவி, நாலு வயதில் ஒரு மகள். அதே வீட்டில் அம்மாவும் இருக்கிறாள். அந்த வீட்டு வாசலில் ஒரு மரம் நின்றது; அதன் நிழலில்—

(மரத்தை வெட்டிவிட்டேன். இந்தக் கதையில் நிழலுக்கு வேலை இல்லை. ஃப்ரிட்ஜுக்குத்தான் வேலை.)

ஃப்ரிட்ஜ் இரண்டு கதவு வைத்தது. மேலே ஃப்ரீசர். கீழ்க் கதவில் சிட்டு ஒட்டிய பொம்மைகள், அவள் கைக்கு எட்டுகிற உயரம் வரை மட்டும். சிட்டு என்றால் அந்த நாலு வயது மகள்.

வீட்டில் ஒரு நாய், ஒரு பூனை. நாய் அண்ணனுடையது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. பெயர் தடியன். பூனை அண்ணியோடு வந்தது. பிறந்த வீட்டிலிருந்து அண்ணி கொண்டுவந்தது இரண்டு பெட்டியும் அந்தப் பூனையும்தான். அது கால்மேல் கால் போட்டாற்போல் உட்கார்ந்து ஆட்களை ஏற இறங்கப் பார்க்கும் என்பதால் அதற்கு மேடம் என்று பெயர். "மேடம் சாப்பிட்டாச்சா?" என்று அண்ணி கேட்பாள். "என்னை ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கியா?" என்பான் அண்ணன். நல்ல நாளில் அது வேடிக்கையாக இருக்கும்.

தடியனுக்கு அண்ணன் பச்சைக் கோழிக் கழுத்து போடுவான். நாய் வளர்ப்பவர்கள் கூடிப் பேசும் ஒரு வாட்ஸப் குழுவில் யாரோ சொன்னது. முடி பளபளப்பாகுமாம்.

"பச்சையா போடாதீங்க. குழந்தை தரையில புரளுற வீடு," என்பாள் அண்ணி.

"காட்டுல நாய் என்ன குக்கர் வெச்சா சாப்பிட்டுச்சு?"

"இது காடுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க, சந்தோஷம்."

இந்தச் சண்டையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்டுவுக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பிறகு கக்கூஸில் இரத்தம். அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். சிட்டுவின் கழிவில் ஒரு கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். அதன் பெயர் கேம்பைலோபாக்டர். லேபில் அதைச் செல்லமாகக் கேம்பி என்பார்கள், ஏதோ அடங்காத மருமகனைச் சொல்வதுபோல. ஆஸ்பத்திரி டாக்டர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "வீட்ல நாய், பூனை ஏதாவது இருக்கா?"

அவ்வளவுதான். வீடு இரண்டாகப் பிளந்தது.

"நான் அப்பவே சொன்னேன், அந்தப் பூனைதான்," என்றாள் அம்மா.

"மேடம் போனா நானும் போறேன்," என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள்.

அண்ணன் ஒரு வழி சொன்னான். நம் வீட்டுப் பெண்ணே கால்நடை லேபில்தான் வேலை செய்கிறாள். இரண்டையும் சோதிக்கட்டும். எதன் வயிற்றில் அந்தக் கிருமி இருக்கிறதோ அது வீட்டை விட்டுப் போகும். இரண்டிலும் இருந்தால் இரண்டும் போகும். இதில் யாருக்கும் பாரபட்சம் இல்லை. அண்ணியும் தலையாட்டினாள். எல்லோரும் போனில் தங்கையைக் கூப்பிட்டார்கள், ஸ்பீக்கரில் போட்டு, ஒருவர் மாற்றி ஒருவர்.

அவள் சரி என்றாள்.*

* சரி என்று சொல்லியிருக்கக் கூடாது. ஒரு நாயின் வயிற்றிலோ பூனையின் வயிற்றிலோ கேம்பி இருக்கிறது என்றால், இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். நல்ல ஆரோக்கியத்தோடு துள்ளிக்கொண்டிருக்கும் பிராணிகளிடமும் அது இருக்கும். அதிலிருந்துதான் குழந்தைக்கு வந்ததா, குழந்தையிடமிருந்து அதற்குப் போனதா, இரண்டுக்கும் சேர்த்து ஒரு பச்சைக் கோழியிலிருந்து வந்ததா என்று அந்தச் சோதனை சொல்லாது. இதை அவள் ஸ்பீக்கரில் சொல்லத்தான் சொன்னாள். "ஆமா ஆமா, நீ டெஸ்ட் பண்ணு" என்றார்கள்.

3

குச்சி செருகிய இரண்டு ட்யூபுகளை அவள் கொடுத்தனுப்பினாள். உள்ளே கறுப்பாக ஒரு ஜெல்லி. கழிவில் தொட்ட குச்சியை அதில் குத்தி மூடிவிட்டால் கிருமி வழியில் சாகாது. போனில் அண்ணனிடம் சொன்னாள்: "எடுத்து மூடி, கூலா வெச்சுக் கொண்டு வா."

கூலா வை. எந்தத் தட்டில் என்று சொல்லவில்லை. எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை சொன்ன வாக்கியம். அவர்களிடமெல்லாம் "ஃப்ரீசர் வேண்டாம், கீழ வைங்க" என்று சேர்த்துச் சொல்வாள். அண்ணனிடம் சேர்க்கவில்லை. சொந்தக்காரர்களிடம் நாம் எப்போதும் பாதி வாக்கியம்தான் பேசுகிறோம்.

மறுநாள் அண்ணன் மதியச் சாப்பாட்டுப் பையில் இரண்டு ட்யூபையும் போட்டு எடுத்துவந்தான். சவரம் செய்யாத முகம். கண் சிவந்திருந்தது. ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, "சிட்டு ராத்திரி முழுக்க அத்தை எங்கன்னு கேட்டா," என்றான்.

"சாயங்காலம் வர்றேண்ணா."

அவள் பையிலிருந்து முதல் ட்யூபை எடுத்தாள். 'மே' என்று எழுதியிருந்தது, அண்ணியின் கையெழுத்து. சில்லென்று இருந்தது. இரண்டாவதை எடுத்தாள். 'த'. அண்ணனின் கையெழுத்து. அது வெறும் சில்லிப்பு இல்லை, விரலில் ஒட்டியது. மேசைமேல் வைத்தபோது டொக்கென்று ஒரு சத்தம். ஜெல்லிக்கு அப்படிச் சத்தம் வராது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக வெடிப்பு ஓடியிருந்தது.

உறைந்த சாம்பிளை வாங்கக் கூடாது என்பது அந்த லேபின் விதி. அவள்தான் சுவரில் எழுதி ஒட்டினாள். வேறு யார் நீட்டியிருந்தாலும் ஜன்னலிலேயே திருப்பியிருப்பாள்.

அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவன் போனில் ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டிருந்தான். "யூரின் போனாளா? எவ்வளவு? கலர் என்ன?" ஒரு தகப்பன் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, இதை எங்கே வைத்தாய் என்று எப்படிக் கேட்பது?

(இதுவரை எழுதிவிட்டு நிறுத்தினேன். அவள் கேட்கவில்லை என்பதற்கு அவன் போனில் இருந்ததைக் காரணமாகச் சொல்வது சௌகரியமான காரணம். போனை வைத்ததும் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அதோடு வாழ வேண்டும். அதனால் கேட்கவில்லை.)

உள்ளே, ப்ளேட்டுகளைத் தயாரிக்கிறவர் கறுப்பு வட்டங்களை அடுக்கி வைத்திருந்தார். கிருமிகளுக்குத் தீனி காய்ச்சி ஊற்றுவது அவர் வேலை என்பதால் எல்லோரும் அவரைச் சமையல்காரர் என்பார்கள்.

"கேம்பிக்கு இலை போட்டாச்சு மேடம். ரெண்டு விருந்தாளிதானா இன்னிக்கு?"

"என்னை மேடம்னு கூப்பிடாதீங்க."

"ஏன் மேடம்?"

"எங்க அண்ணி வீட்டுப் பூனைக்கு அதான் பேரு."

"அப்ப பூனைக்கு மரியாதை, உங்களுக்கு இல்லையா? நல்லாயிருக்கே நியாயம்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு குச்சிகளையும் இரண்டு ப்ளேட்டுகளில் தேய்த்தாள். கேம்பிக்குக் காற்று அதிகம் ஆகாது. காற்றைக் குறைக்கிற பொட்டலம் ஒன்றை உடைத்துப் போட்டு, ஜாடிக்குள் இரண்டையும் அடுக்கி இறுக்கி மூடி, சூடான பெட்டிக்குள் தள்ளினாள். கதவு மூடுகிற சத்தம் கேட்டதும்தான் அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை. சிட்டுவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பு, அண்ணன் வீட்டுச் சமையலறை. அண்ணி கோழியைக் கழுவப் போகிறாள்.

"கழுவாதீங்க அண்ணி. தெறிச்சு வீடு பூரா பரவும். அப்படியே போட்டு நல்லா வேக வைங்க," என்கிறாள் அவள்.

"உன்கூட இருந்தா ஒரு கறி சாப்பிட முடியுமா நாத்தனாரே? எல்லாத்துலயும் ஒரு பூச்சியைக் காட்டற."

"வேணும்னா ஃப்ரீசர்ல கொஞ்ச நாள் போட்டு எடுங்க. இந்தக் கேம்பிக்கு ஐஸ் ஆகவே ஆகாது, முக்கால்வாசி செத்துடும். லேப்ல யாராவது சாம்பிளை ஃப்ரீசர்ல வெச்சுக் கொண்டாந்தா போச்சு. ஒண்ணுமே முளைக்காது. இருந்தாலும் இல்லாத மாதிரி வந்து நிக்கும்."

அண்ணன் எங்கே நிற்கிறான்?

முதல் வரைவில் அவனைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தேன், கையில் தட்டோடு, இரண்டு பெண்களையும் பார்த்தபடி. அப்படி வைத்தவுடன் கதை முடிந்துவிட்டது. அவன் கேட்டான், ஞாபகம் வைத்தான், நாயின் சாம்பிளை மட்டும் ஃப்ரீசரில் வைத்தான். வில்லன். படித்து முடித்து நீங்கள் கையைக் கழுவிக்கொண்டு போய்விடலாம்.

எனக்குப் பிடிக்கவில்லை. அவனுடைய பயம் எனக்குத் தெரியும். நாயிடம் கேம்பி இருக்கிறது என்று வந்தால் அடுத்த கேள்வி, நாய்க்கு எங்கிருந்து வந்தது என்பது. பச்சைக் கோழிக் கழுத்து. அதை யார் போட்டது? கையால் எடுத்துப் போட்டு, பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, அதே கையால் மகளைத் தூக்கியது யார்? அந்த நாய் வெளியே போவதல்ல அவன் பயம். தன் குழந்தையைத் தானே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தோம் என்பதை ஒரு கறுப்பு ப்ளேட்டில் பார்ப்பது. அந்தப் பயத்தில் ஒரு மனிதன் என்னென்ன செய்வான் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

இரண்டாம் வரைவில் அவனைத் தொட்டியருகே நிற்க வைத்துக் குழாயைத் திறந்துவிட்டேன். அவன் தடியனின் கிண்ணத்தைக் கழுவுகிறான். தண்ணீர் எவர்சில்வரில் அடித்துச் சத்தம் போடுகிறது. பின்னால் இரண்டு பெண்கள் ஏதோ பூச்சி, ஐஸ் என்று பேசுகிறார்கள். அவன் காதில் எதுவும் விழவில்லை. கெட்டுப்போகக் கூடாது என்று நல்லெண்ணத்தில் ஃப்ரீசரில் வைத்தான். பாவம், கூலா வை என்றால் அவனுக்கு அது தோன்றியிருக்கிறது.

ஆனால் அப்படியானால் மேடத்தின் ட்யூபையும் அங்கேதானே வைத்திருப்பான்? இல்லை, அதை எடுத்தது அண்ணி. அண்ணி கீழே வைத்தாள், அவள் வழக்கப்படி. அவரவர் பிராணிக்கு அவரவர் ட்யூப். அப்படியும் இருக்கலாம்.

மூன்றாம் வரைவில் குழாய் பாதி திறந்திருக்கிறது.

அவள் நிலைமையும் அதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அண்ணி தெரிகிறாள், கோழி தெரிகிறது, தான் பேசுவது கேட்கிறது. அண்ணனின் முதுகு தெரிகிறது. தண்ணீர்ச் சத்தம் இருந்ததா இல்லையா என்பது மட்டும் வர மறுக்கிறது.

5

இரண்டு நாள் கழித்து ஜாடியைத் திறந்தாள். 'மே' ப்ளேட்டில் கோடு இழுத்த இடமெல்லாம் சின்னச் சின்ன நீர்த்துளிகள் தெளித்தாற்போல் பளபளத்தன. சாம்பல் நிறம், ஒன்றோடொன்று வழிந்து சேர்ந்தவை. துளியளவு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். வளைந்த உடம்புகள் திருகாணி மாதிரி சுழன்று பாய்ந்தன. இன்னும் இரண்டு பரிசோதனை செய்தாள், தேவையே இல்லாமல். கேம்பிதான்.

'த' ப்ளேட் கழுவித் துடைத்ததுபோல் கறுப்பாக இருந்தது. கேம்பி இல்லை, கேம்பியின் தாயாதி பங்காளிகூட இல்லை.

"நாய் சுத்தம் போலிருக்கே," என்றார் சமையல்காரர், தோளுக்குப் பின்னால் நின்று. "பூனைதான் மாட்டிக்கிச்சு."

"ஆமா," என்றாள்.

அது பொய்யில்லை. ப்ளேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்: பூனையில் வளர்ந்தது, நாயில் வளரவில்லை. எந்த அதிகாரியும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஒரு சொல் மாற்ற வேண்டாம், ஒரு எண்ணைத் திருத்த வேண்டாம். உறைந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் மட்டும் போதும். அதற்காகக் கையைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

(உண்மையை மட்டும் சொல்லி ஒருவரை வீட்டை விட்டு வெளியேற்ற முடியும் என்பதை நான் இந்த இடத்துக்கு வந்தபோதுதான் கண்டேன். எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய் என் பூனையின் தலையைத் தடவினேன். அது என்னைக் கண்டுகொள்ளவில்லை.)

6

ஆஸ்பத்திரி நடைபாதையில் அண்ணி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அறைக்குள் சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள், ட்ரிப்ஸ் கையைத் தலையணைமேல் தனியாக வைத்துக்கொண்டு, அது யாரோ கொடுத்துவைத்த சாமான் மாதிரி.

"இன்னிக்கு ரெண்டு இட்— ரெண்டு ஸ்பூன் கஞ்சி குடிச்சா.

(இட்லியை எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் கஞ்சிதான் கொடுத்தார்கள்.)

அப்புறம் மேடம் எங்கன்னா. நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் அண்ணி.

"பயப்படாதீங்க அண்ணி. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்புவாங்க. எந்த வீட்டுக்கு?"

அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு முகம் படிக்கத் தெரியும். புருஷன் வீட்டுக்கு வந்து முதலில் படித்தது அதைத்தான்.

"மேடம்கிட்ட இருக்கா?"

"அண்ணி..."

"இருக்கு. சரி." கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். "தடியன்கிட்ட?"

"அதுல ஒண்ணும் வளரல."

அண்ணி, தரையைப் பார்த்தபடி: "உங்கண்ணன் அதை மேல வெச்சார். ஃப்ரீசர்ல. ஐஸ் எடுக்கப் போனப்ப பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ஃப்ரீசர்ல வெச்சா ஒண்ணும் முளைக்காதுன்னு நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. அவருக்கு ஞாபகம் இருக்கான்னு எனக்குத் தெரியாது. நானே எடுத்துக் கீழ வெச்சிருக்கலாம். வைக்கல. அவரே எடுத்து வைப்பாரா மாட்டாரான்னு பாத்துட்டே இருந்தேன். குழந்தை இங்க கிடக்கா, நான் அங்க ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து என் புருஷனைப் பரீட்சை வெச்சுட்டு நிக்கறேன்." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து அடங்கியது. "எங்க ரெண்டு பேர்ல யாரு மோசம் சொல்லு."

"கேக்க வேண்டியதுதானே அவன்கிட்ட."

"நீ கேட்டியா?"

நடைபாதையில் ஒரு நர்ஸ் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் அண்ணி. "ரெண்டுலயும் ஒண்ணும் இல்லைன்னு எழுதிடேன். நாயும் இருக்கட்டும், பூனையும் இருக்கட்டும். பச்சைக் கறியை மட்டும் நான் நிறுத்திடறேன். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

இது நல்ல யோசனை. ஒரு நிமிஷம் எனக்கே ஆசையாக இருந்தது. வீடு உடையாது, குழந்தை வந்து சேரும், பூனை ஜன்னலில் உட்காரும். ஆனால் மேடத்திடம் இருப்பது இருக்கிறது. சிட்டு அதன் வாலைப் பிடித்துவிட்டு விரலை வாயில் வைப்பாள். மருந்தும் கை கழுவலும் வேண்டிய இடத்தில் ஒரு பொய்யை வைக்க முடியாது. அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

7

முடிவுகள் என்று மூன்று எழுதினேன்.

முதலாவதில் அவள் உறைந்த ட்யூபைப் பெரிய லேப் ஒன்றுக்கு அனுப்புகிறாள். அங்கே செத்த கிருமியின் சுவட்டைக்கூடக் கண்டுபிடிக்கிற இயந்திரம் இருக்கிறது. நாயிலும் இருந்தது என்று வருகிறது. அண்ணன் அழுகிறான். எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள். (கிழித்தேன். அந்த இயந்திரம் நாயின் வயிற்றைச் சொல்லும். அண்ணனின் மனதைச் சொல்லுமா?)

இரண்டாவதில் மேடம் வீட்டை விட்டுத் தானாகவே ஓடிவிடுகிறது. (பிரச்சினையைத் தீர்க்கத் தெரியாத எழுத்தாளர்கள் பிராணிகளை ஓட விடுவார்கள். இதைக் கிழிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.)

மூன்றாவதில் அண்ணன் ஒப்புக்கொள்கிறான். "ஆமாம் பாப்பா, தெரிந்துதான் வைத்தேன்" என்று தொடங்கி முழுசாக ஒரு பக்கம். நன்றாகத்தான் வந்திருந்தது. இரண்டு நாள் வைத்திருந்தேன். ஆனால் வாழ்க்கையில் எந்த அண்ணன் தங்கையிடம் ஒரு பக்கம் பேசியிருக்கிறான்?

8

அவனே வந்தான். லேபை மூடப் போகிற நேரம். ஜன்னலுக்கு வெளியே நின்றான், காலடியில் ஒரு பிளாஸ்டிக் கூண்டு. கூண்டுக்குள் மேடம், முதல்முறையாக மரியாதை குறைந்தவள் மாதிரி ஒடுங்கிக் கிடந்தது.

"சிட்டு நாளைக்கு வர்றா," என்றான். "அதுக்குள்ள இதைக் கொண்டுபோய் ஒரு இடத்துல விடணும். தெரிஞ்சவர் ஒருத்தர் வெச்சுக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"ரிசல்ட்டே இன்னும் சொல்லலையேண்ணா. எப்படி இதைத் தூக்கிட்டு வந்த?"

அவன் ஒரு நொடி திகைத்தான். "அம்மாதான்... எப்படியும் இதாத்தான் இருக்கும்னு. சரி, சொல்லு. என்ன வந்துச்சு?"

"மேடம்கிட்ட இருக்கு."

"தடியன்?"

"அந்த ட்யூபுல ஒண்ணும் வளரல."

அவன் மூச்சை விட்டான். தோள் இரண்டும் கீழே இறங்கின. நாயைக் காப்பாற்றிவிட்டோம் என்கிற மூச்சா? குழந்தைக்குத் தான் எதுவும் செய்யவில்லை என்கிற மூச்சா? போட்ட கணக்கு பலித்தது என்கிற மூச்சா? மூன்றுக்கும் தோள் ஒரே மாதிரிதான் இறங்கும்.

"அதை அப்படியே எழுதிக் குடு பாப்பா. ஒரு வரி. உங்க அண்ணிகிட்ட காட்டணும். நான் சொன்னா நம்ப மாட்டா, நீ எழுதினா நம்புவா."

"தடியனுக்கு வேற சாம்பிள் வேணும்."

"ஏன்?"

"நீ குடுத்தது உறைஞ்சிருந்துச்சு."

உள்ளே சமையல்காரர் ஜாடிகளைக் கழுவத் தொடங்கியிருந்தார். குழாய்ச் சத்தம் அவள் முதுகில் வந்து விழுந்தது.

"நீதானே கூலா வைன்னே?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"அப்புறம் என்ன? உறைஞ்சிருந்தா வாங்கறப்பவே சொல்லியிருக்கலாமில்ல? வாங்கி வெச்சுக்கிட்டே, டெஸ்ட் பண்ணே, ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சு. இப்ப வந்து..." நிறுத்தினான். ஜன்னல் கம்பியைப் பிடித்தான். "உள்ளதைத்தானே எழுதச் சொல்றேன்? பொய்யா எழுதச் சொல்றேன்?"

"இல்ல."

"பின்ன? என் மேல சந்தேகமா?"

கூண்டுக்குள்ளிருந்து மேடம் ஒரு தடவை கத்தியது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

(இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தெரியுமா, தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை அவன் காதில் விழுந்ததா? உனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும், எழுதுகிறவள் நீதானே என்கிறீர்கள். நானும் அந்த ஃப்ரீசர் கதவைத் திறந்து பார்த்துவிட்டேன். உள்ளே குளிர்தான் இருக்கிறது. நீங்கள் கேட்பதும் ஒரு வரிதான். அதை நான் எழுத மாட்டேன்.)

அவளுக்கு இரண்டு பதில்கள் வாய்வரை வந்தன. ஆமாம் என்றால் அண்ணன் போய்விடுவான். இல்லை என்றால் அண்ணி போய்விடுவாள். அவள் மேசை டிராயரைத் திறந்தாள். புது ட்யூப் ஒன்றை எடுத்தாள். அதன்மேல் பேனாவால் 'த' என்று எழுதினாள், தன் கையெழுத்தில். கம்பி இடைவெளி வழியாக நீட்டினாள்.

"கீழ்த் தட்டுல வை."

அவன் வாங்கவில்லை. "நாளைக்குச் சிட்டு வர்றா பாப்பா. டைம் இல்ல. அந்த ஒரு வரியைக் குடுத்துடு."

"கூண்டை இங்க வெச்சுட்டுப் போ. நான் பாத்துக்கறேன். மருந்து குடுத்தா சரியாயிடும்."

"நான் கேட்டது அதில்ல."

"தெரியும்."

"எழுதிக் குடுப்பியா மாட்டியா?"

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. பின்னால் தண்ணீர் ஜாடியின் அடியில் அடித்து இரைந்துகொண்டிருந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"மாட்டேண்ணா."

அவன் முகம் மாறவில்லை. "என்ன?" என்று கேட்பதுபோல் தலையைக் கொஞ்சம் சாய்த்தான். அல்லது அவள் சொன்னது காதில் விழுந்துதான் சாய்த்தான். குழாயை நான் திறந்தே விட்டிருக்கிறேன். மூட வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் மூடிக்கொள்ளுங்கள். அவள் இன்னொரு தடவை சொல்லப்போவதில்லை. ட்யூபை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறாள்.